‘மேசியா’ என்று எழுதும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளிவந்த அரசியல் கட்டுரையில், மக்கள் ஒரு மேசியாவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்ற கருத்து மூன்று இடங்களில் வருகிறது. அன்றைய விளையாட்டுப் பக்கத்திலும், தோற்கவிருந்த அணியைக் கடைசி ஓவரில் கரைசேர்த்த ஆட்டக்காரருக்கு அதே பட்டம் கிடைத்திருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் இரண்டையும் எனக்குக் காட்டி, இதற்குக் கண்டனம் தெரிவித்து எழுதியே ஆகவேண்டும் என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோயிலில் வழங்கிய ‘அபிஷேகம்’ என்ற சொல்லை எங்கள் வேதபுத்தகம் எடுத்துக்கொண்டது; அதற்காக எவரும் எங்கள்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. சொற்கள் வீடு மாறிப் போவதும் வருவதும் மொழியில் இயல்புதான். ஆயினும், எல்லாவற்றையும் ஒரே ஆளாக வந்து சரிசெய்துவிடுகிற வீரன் என்ற பொருளில் இந்தச் சொல்லை எழுதும்போது, சொல்லுக்குள் இருக்கும் சரக்கு முழுவதும் வெளியே கொட்டிப்போகிறது. கிறிஸ்தவர்கள் தங்கள் தியானத்தில் அந்தச் சொல்லை என்னவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை, ஓய்வுபெற்ற தமிழாசிரியனும் சபையில் அவ்வப்போது பிரசங்கம் செய்பவனுமான நான், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளலாம்.

எபிரேய மொழியில் ‘மாஷியாக்’ என்றால் எண்ணெய் வார்க்கப்பட்டவர் என்பது பொருள். அதைக் கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்று பெயர்த்தார்கள். அதுவே நமக்குக் கிறிஸ்து ஆயிற்று. இயேசு கிறிஸ்து என்பதை முதற்பெயர், குடும்பப்பெயர் என்பதுபோல் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவர்களிலேயே அப்படி நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது இயேசுவே மேசியா என்று அறிக்கையிடும் ஒரு வாக்கியம். நாளடைவில் தேய்ந்து பெயரைப்போல் ஆகிவிட்டது. புதிய ஏற்பாடு முழுவதிலும் ‘மேசியா’ என்ற மூலச்சொல் அப்படியே வருவது யோவான் எழுதிய நற்செய்தியில் இரண்டே இடங்களில்தான்: அந்திரேயா தன் சகோதரன் சீமோனிடம் ஓடிப்போய்ச் சொல்லும் இடம் ஒன்று, கிணற்றடியில் சமாரியப் பெண் பேசும் இடம் மற்றொன்று. மற்ற எல்லா இடங்களிலும் கிறிஸ்து என்றே இருக்கிறது.

அந்த எண்ணெய் எப்படிப்பட்டது என்பதை யாத்திராகமம் 30ஆம் அதிகாரம் ஒரு மருந்துக்கடைச் சீட்டைப்போல் எழுதிவைத்திருக்கிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500. இவற்றோடு ஒலிவ எண்ணெய். ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம் என்று கொண்டால் வெள்ளைப்போளம் மட்டுமே ஐந்தரைக் கிலோ வருகிறது. இதில் வெள்ளைப்போளத்தையும் ஒலிவ எண்ணெயையும் தவிர மற்றவை நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் பிள்ளை மருந்துப் பையிலும் கிடக்கிற பொருள்கள்தாம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் அந்தச் சேர்மானத்தை எவரும் வீட்டில் காய்ச்சிக்கொள்ளக் கூடாது, சாதாரண மனிதர் உடலில் வார்க்கக் கூடாது என்ற தடையும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. வழிபாட்டுக் கூடாரத்துக்கும் பலிபீடத்துக்கும் ஆசாரியர்களுக்கும் மட்டுமே அது உரியது. ஒருவர் தலையில் அந்த வாசனை ஏறிவிட்டால் அவர் இனித் தமக்குரியவர் அல்லர், ஒரு வேலைக்கென்று எடுத்துவைக்கப்பட்டவர் என்பது அதன் கருத்து.

இங்கேதான் தமிழில் ஒரு சிக்கல். பழைய மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் ‘அபிஷேகம்பண்ணுதல்’ என்ற சொல்லைத் தேர்ந்தார்கள். அழகான, கேட்டவுடன் விளங்குகிற சொல். ஆனால் தமிழ் வழக்கில் அபிஷேகம் தெய்வத்தின் திருமேனிக்குச் செய்வது. ஊற்றுகிறவர் பக்தர், ஏற்றுக்கொள்பவர் தெய்வம். எபிரேய வழக்கில் அது தலைகீழ். ஊற்றச் சொல்பவர் தெய்வம், நனைந்து நிற்பவன் மனிதன். பட்டாபிஷேகம் என்ற சொல்லில் அந்த இரண்டாவது பொருள் நமக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதுவும் மகுடத்தின் பளபளப்போடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அருள்பொழிவு பெற்றவர்’ என்று எழுதி இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கப் பார்த்தது. அதே பதிப்பில், இயேசுவிடம் அவர் சீடர் பேதுரு சொல்லும் அறிக்கை ‘நீர் மெசியா’ என்று இருக்கிறது. எங்கள் பழைய புத்தகத்தில் ‘நீர் கிறிஸ்து’. திரையரங்கு வாசலில் நடிகரின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதையும் நம் பத்திரிகைகள் அபிஷேகம் என்றே எழுதுகின்றன. ஆகவே, ‘மேசியா’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் நாற்பது அடிப் படம் ஒன்று எழுந்து நின்றால் அதற்குக் கட்டுரையாளரை மட்டும் குறைசொல்லி என்ன பயன்?

பழைய ஏற்பாட்டில் எண்ணெய் வார்க்கப்பட்ட அரசர்களின் கதையைப் படித்தால் பால் ஊற்றும் ஆசை தானாகவே அடங்கிவிடும். அடுத்த அரசனைத் தேடிப் பெத்லகேமில் ஈசாயின் வீட்டுக்கு வந்த தீர்க்கதரிசி சாமுவேல், வாட்டசாட்டமான மூத்தவனைப் பார்த்தவுடன் இவன்தான் என்று நினைக்கிறார். தவறு என்று சொல்லப்படுகிறது. ஏழு பேரும் வரிசையாகக் கடந்துபோன பிறகு, ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பையன் தாவீதை ஆளனுப்பி அழைத்துவருகிறார்கள். தைலக்கொம்பு அவன் தலையில் கவிழ்கிறது. அதன்பின் அவன் அரியணை ஏறவில்லை. பல ஆண்டுகள் காடும் குகையுமாக ஓடி ஒளிகிறான். எங்கேதிக் குகையில், தன்னைக் கொல்லத் தேடிவந்த, முன்பே எண்ணெய் வார்க்கப்பட்ட அரசனாகிய சவுல் தனியாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, சவுலின் அங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு, அதைச் செய்ததற்கும் மனம் உறுத்தித் தவிக்கிறான். ‘கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்’ என்பது அவனுக்கு எதிரியையும் தொடவிடாத சொல்லாக இருந்தது.

அரசனான பிறகு அதே தாவீது இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவள் கணவனைப் போர்முனையில் சாகவைத்தபோது, நாத்தான் என்ற தீர்க்கதரிசி அரண்மனைக்குள் போய், ஏழை ஒருவனின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொல்லி, ‘நீயே அந்த மனுஷன்’ என்று முகத்துக்கு நேரே சொன்னார். எண்ணெய் வார்க்கப்பட்டவனுக்குப் பக்கத்தில் அவனைக் கடிந்துகொள்ள ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது வேதத்தின் அரசியல். ஒரு பத்திரிகை தனக்கென்று அந்தக் கதையில் ஓர் இடம் தேடினால், அது நாத்தானின் இடமாகத்தான் இருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது.

கட்டுரையாளர் தரப்பில் ஒரு நல்ல சாட்சியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஏசாயா 45ஆம் அதிகாரம், இஸ்ரவேலரின் கடவுளை அறியாத பாரசீக அரசன் கோரேசை ‘நான் அபிஷேகம்பண்ணின கோரேசு’ என்று அழைக்கிறது. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்து, அங்கே சிறைப்பட்டிருந்த யூதர்கள் ஊர் திரும்ப வழிவிட்டவர் அவர். அந்நிய அரசர் ஒருவரையே மேசியா என்று வேதம் சொல்லுமானால் நம்மூர்த் தலைவரைச் சொல்லக் கூடாதா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: அந்தப் பகுதியில் கோரேசின் புகழ் பாடப்படவே இல்லை. ‘நீ என்னை அறியாதிருந்தும்’ என்று இருமுறை சொல்லிக்காட்டி, அவன் வேறொருவர் கையில் இருக்கும் கருவி என்பதையே அது வலியுறுத்துகிறது. அந்தப் பொருளில் தாங்கள் எழுதினால் எனக்கு மறுப்பு இல்லை. எந்தத் தலைவரும் அதற்கு நன்றி சொல்லமாட்டார்.

தாவீதின் வம்ச ஆட்சி பாபிலோனியரால் முறிந்த பிறகு, எண்ணெய் வார்க்க அரசனே இல்லாத நூற்றாண்டுகளில்தான், வரப்போகிறவர் என்ற எதிர்பார்ப்பு மேசியா என்ற சொல்மேல் மெல்ல ஏறி உட்கார்ந்தது. அந்த எதிர்பார்ப்பும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கவில்லை. 1947 முதல் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த கும்ரான் சுருள்களில் ஒன்று, ஆரோனின் வழியில் ஒருவரும் இஸ்ரவேலின் வழியில் ஒருவருமாக இரண்டு மேசியாக்களை எதிர்பார்க்கிறது. அதாவது ஆசாரியர் ஒருவர், அரசர் ஒருவர். ரோமரை வாளால் விரட்டும் தாவீதின் குமாரனை எதிர்பார்த்தவர்கள் வேறு. அப்போஸ்தலருடைய நடபடிகளில் கமாலியேல் என்ற யூத நியாயசாஸ்திரி, தெயுதாஸ் என்பவனையும் கலிலேயனாகிய யூதாசையும் பெயர் சொல்லி நினைவூட்டுகிறார்; இருவரும் ஆள் திரட்டினார்கள், இருவரும் அழிந்தார்கள். கி.பி. 132 முதல் 135 வரை ரோமரை எதிர்த்துப் போரிட்ட யூதத் தலைவர் பார் கோக்பாவை, அக்காலத்தின் மாபெரும் ரபியான (யூத சமய ஆசானான) அக்கிபாவே மேசியா என்று ஏற்றுக்கொண்டார். அவரோடு உடன்படாத இன்னொரு ரபி, ‘அக்கிபாவே, உன் கன்னங்களில் புல் முளைத்துவிடும், தாவீதின் குமாரன் அப்போதும் வந்திருக்கமாட்டான்’ என்று சொன்னதாக யூத மரபுநூலான எருசலேம் தல்மூது குறித்துவைத்திருக்கிறது. இவ்வளவு கூர்மையான தலையங்கத்தை நான் அதிகம் படித்ததில்லை.

இந்தச் சூழலில்தான் நாசரேத்தூர் இயேசுவின் நடத்தை விந்தையாக இருக்கிறது. பிலிப்புச் செசரியாவுக்குப் போகும் வழியில், ‘நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்’ என்று அவர் கேட்க, பேதுரு ‘நீர் கிறிஸ்து’ என்கிறார். உடனே அவர் செய்தது, இதை ஒருவருக்கும் சொல்லாதபடி உறுதியாகக் கட்டளையிட்டது. மத்தேயுவின் நற்செய்தியில் பேதுருவுக்கு வாழ்த்துக் கிடைக்கிறது. அங்கும் கட்டளை அதேதான். அடுத்த வரியில், தாம் பாடுபட்டு, தள்ளப்பட்டு, கொல்லப்பட வேண்டும் என்று பேசத் தொடங்குகிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துப்போய்க் கடிந்துகொள்கிறார். சரியான பட்டத்தைச் சொன்ன அதே வாய், ‘எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே’ என்ற வசவையும் வாங்கிக்கொள்கிறது. பேதுருவுக்குச் சொல் தெரிந்திருந்தது. அதன் பொருள் தெரியவில்லை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த பின்பு, கூட்டம் தம்மைப் பிடித்துக்கொண்டுபோய் ராஜாவாக்கப் பார்க்கிறது என்று அறிந்தபோது, அவர் தனியே மலையின்மேல் ஏறிப்போய்விட்டார் என்று யோவான் எழுதுகிறார். இலவசமாகச் சோறு போட்டவரைச் சிம்மாசனத்தில் ஏற்றிவைக்கத் துடிப்பது எந்த நாட்டு மக்களுக்கும் புதிதல்ல. அந்தச் சிம்மாசனத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு மலை ஏறியவர்தான் புதியவர்.

மாற்கு நற்செய்தியில் திரும்பத் திரும்ப வரும் இந்த மறைப்பைக் குறித்து ஜெர்மானிய ஆய்வாளர் வில்லியம் விரேடே 1901இல் ஒரு நூல் எழுதினார். இயேசு அப்படி அடக்கிவைத்தார் என்பதைவிட, உயிர்த்தெழுதலுக்குப் பிறகு பிறந்த நம்பிக்கையை அவருடைய வாழ்நாள் நிகழ்ச்சிகளோடு இசைவிக்கச் சபை கண்ட வழி இது என்பது அவர் வாதம். நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள். நான் அந்த விவாதத்தில் நுழையத் தகுதியுள்ளவன் அல்லன். ஆனால் வாசகனாக எனக்குத் தெரிவது வேறொன்று. இயேசு ‘ஆம், நான்தான்’ என்று தெளிவாகச் சொல்லும் இடங்களை எண்ணிப் பாருங்கள். யோவானில், நண்பகலில் தண்ணீர் மொள்ளவந்த, யூதர்கள் தீண்டத் தயங்கிய சமாரியப் பெண்ணிடம் ‘உன்னுடனே பேசுகிற நானே அவர்’ என்கிறார். மாற்கில், பிடித்துக்கொண்டுவரப்பட்டு, பொய்ச்சாட்சிகளுக்கு நடுவில், பிரதான ஆசாரியர் ‘நீ கிறிஸ்துவா’ என்று கேட்கும்போது ‘நான் அவர்தான்’ என்கிறார். முதல் இடத்தில் கேட்பவரிடம் அதிகாரம் இல்லை. இரண்டாம் இடத்தில் சொல்பவரிடம் அதிகாரம் இல்லை. இந்தப் பட்டத்தை வைத்து எவரும் எதையும் சாதித்துக்கொள்ள முடியாத வேளைகளை அவர் தேர்ந்துகொண்டதுபோல் இருக்கிறது.

அவருக்கு எண்ணெய் வார்த்தவர் யார் என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் விடை, யோர்தானில் அவர் திருமுழுக்குப் பெற்றபோது இறங்கிய பரிசுத்த ஆவி என்பது. அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரம் அப்படியே சொல்கிறது. ஆனால் கண்ணால் காணக்கூடிய எண்ணெய், மூக்கில் ஏறக்கூடிய வாசனை, அது எப்போது அவர் தலையில் விழுந்தது? மாற்கு 14ஆம் அதிகாரத்துக்குப் போகவேண்டும். பெத்தானியாவில், குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டில் அவர் பந்தியில் இருக்கும்போது, பெயர் சொல்லப்படாத ஒரு பெண் வெள்ளைக்கல் பரணியோடு வருகிறாள். பரணியை உடைத்து, உள்ளே இருந்த நளத தைலத்தை அவர் தலையில் ஊற்றுகிறாள். மூடியைத் திறந்து நாலு சொட்டுத் தெளிக்கவில்லை, பரணியையே உடைத்தாள் என்பதைக் கவனிக்கவேண்டும். மிச்சம் வைக்கும் எண்ணமே அவளிடம் இல்லை. நளதம் என்பது இமயமலைச் சரிவுகளில் விளையும் செடியின் வேர்த்தண்டு; நம் நாட்டு மருந்துக்கடைகளில் சடாமாஞ்சில் என்று கேட்டால் கொடுப்பார்கள். கருமையான, மண்வாசனை கலந்த, சற்றுக் கனத்த மணம். அந்த மணம் அத்தனை தூரம் கடந்து எருசலேமின் பக்கத்து ஊர் ஒன்றை நிறைத்திருக்கிறது.

பந்தியில் இருந்த சிலர் முறுமுறுக்கிறார்கள்: இதை 300 பணத்துக்குமேல் விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே. ஒரு பணம் என்றது கூலியாளின் ஒருநாள் சம்பளமான தெனாரியம். ஆகவே கிட்டத்தட்ட ஓராண்டுக் கூலி. அவர்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் இயேசு அவளை விட்டுக்கொடுக்கவில்லை. ‘இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள், நான் அடக்கம்பண்ணப்படுவதற்கு எத்தனமாக, என் சரீரத்தில் தைலம்பூச முந்திக்கொண்டாள்’ என்கிறார். அவருடைய தலையில் தைலம் வார்த்ததாக நற்செய்திகள் காட்டுவது இந்தப் பெண் ஒருத்தியைத்தான். சாமுவேலின் தைலக்கொம்பு வந்த இடத்தில் ஒரு பெண்ணின் உடைந்த பரணி வந்திருக்கிறது. அதுவும் அரியணைக்காக வரவில்லை, கல்லறைக்காக வந்திருக்கிறது. மேசியா என்ற சொல்லை நான் தியானிக்க உட்காரும்போதெல்லாம் முதலில் எழுவது இந்த மணம்தான். மற்ற வாதங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வாதங்கள் என்றதும், என் பழைய அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை எங்கள் பக்கத்துச் சபைகளில் மும்மணி தியான ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பகிர்ந்துகொண்டு பேசுவார்கள். வெளியே ஏப்ரல் வெயில். உள்ளே வெள்ளை உடுத்திய கூட்டம். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. ஓர் ஆண்டு நான்காம் வார்த்தை எனக்கு வந்தது: ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’. நானோ, மேசியாவைக் குறித்த முன்னறிவிப்புகள் எவையெவை எங்கெங்கே நிறைவேறின என்று எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டுபோய், வழக்கறிஞரைப்போல் ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பனையேறியவரின் விதவையான ஒரு மூதாட்டி என் பக்கத்தில் வந்து நின்றார். “வாத்தியாரய்யா, ‘சிலுவையை விட்டு எறங்கி வா, நம்புதோம்’னு கீழ நின்னு கத்துனாவள்லா, அவரு எறங்கலியே. எறங்கியிருந்தா நம்ம வீட்டுக்காரரு சாவையில எங்கூட யாரு இருந்திருப்பா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

‘இஸ்ரவேலுக்கு ராஜாவாகிய கிறிஸ்து இப்பொழுது சிலுவையிலிருந்திறங்கட்டும்’ என்பது மாற்கு 15ஆம் அதிகாரத்தில் கேலி செய்தவர்கள் சொன்னது. எட்டுப் பக்கத்தில் நான் இந்த வசனத்தைத் தொடவே இல்லை. ஐயா, தங்கள் கட்டுரையாளர் எதிர்பார்க்கும் மேசியா, கீழே நின்ற அந்தக் கூட்டம் கேட்ட மேசியாதான். கண்முன்னே இறங்கிவந்து எல்லாரையும் வாயடைக்கச் செய்கிறவர். அப்படி ஒருவரைக் கேட்பதில் மனித இயல்புக்கு மாறானது எதுவும் இல்லை. கிறிஸ்தவ தியானம் தொடங்குவது, அவர் இறங்காமல் இருந்துவிட்ட அந்த மூன்று மணி நேரத்திலிருந்து.

இதைச் சொல்லும்போது யூத மக்களைக் குறைத்துப் பேசும் பழைய வழக்கத்துக்குள் நான் விழுந்துவிடக் கூடாது. சொல் முதலில் அவர்களுடையது. ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் அடிக்கப்படும் ஊழியனை நாங்கள் இயேசுவாக வாசிக்கிறோம். யூத விளக்கவுரையாளர் ராஷி முதலானோர் அதைத் துன்புற்ற இஸ்ரவேல் மக்களாக வாசித்தார்கள். அந்த அதிகாரத்தில் ‘மேசியா’ என்ற சொல் இல்லவே இல்லை என்பதும் உண்மை. உலகத்தில் இன்னும் போர் ஓயவில்லை, அப்படியானால் மேசியா வந்துவிட்டார் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்ற அவர்களுடைய கேள்வி எளிதில் தள்ளிவிடக்கூடியதும் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதெஸ் வகுத்த 13 விசுவாசக் கோட்பாடுகளில் ஒன்று மேசியாவின் வருகையில் நம்பிக்கை. அவர் தாமதித்தாலும் காத்திருப்பேன் என்று அதைப் பாடிக்கொண்டே நாஜி முகாம்களில் இறந்தவர்கள் உண்டு. யூதர்களின் மேசியா எதிர்பார்ப்பு வீணானதல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணையம் 2001இல் எழுதியது. நூற்றாண்டுகள் தாமதமாக வந்தாலும் நல்ல வரி. ஈஸா நபியை ‘அல் மஸீஹ்’ என்று குர்ஆனும் அழைக்கிறது. பொருள் வேறு, சொல்லின் வேர் ஒன்றே.

காத்திருப்பு எங்களுக்கும் முடிந்துவிடவில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். வந்தவரை நினைத்துக்கொண்டே வரப்போகிறவருக்காகக் காத்திருக்கும் நாள்கள். (கடைகளில் காகித நட்சத்திரங்கள் நவம்பரிலேயே தொங்கத் தொடங்கிவிடுவதால் இப்போது காத்திருக்க யாருக்கும் நேரம் இல்லை, அது வேறு வருத்தம்.) முதல் நூற்றாண்டுச் சபையார் சொல்லிக்கொண்ட ‘மாரநாதா’ என்ற அரமேயச் சொல்லை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒரு விதமாகப் பிரித்தால் ‘நம் ஆண்டவர் வந்துவிட்டார்’. இன்னொரு விதமாகப் பிரித்தால் ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’. புணர்ச்சி இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், ஒரு விசுவாசம் முழுவதும் ஒரு சொல்லைப் பிரிக்கும் இடத்தில் நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை வாசித்தபோதும் இப்படி ஓர் இடம் வருகிறது. தரித்திரருக்கு நற்செய்தி அறிவிக்கவும் சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை கூறவும் ‘என்னை அபிஷேகம்பண்ணினார்’ என்று வாசித்துக்கொண்டே வந்தவர், கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்ற இடத்தில் சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மூலத்தில் அடுத்து வரும் சொற்கள் ‘நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாள்’. வாக்கியத்தின் பாதியில் அவர் நிறுத்திய அந்த இடத்தில்தான் நாங்கள் இன்னும் இருக்கிறோம்.

என் மகள் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் எங்கள் வீட்டில் மேசியாவும் உண்டு, மெசியாவும் உண்டு; ஞானஸ்நானமும் உண்டு, திருமுழுக்கும் உண்டு. பேத்தியின் திருமுழுக்குக்குப் போயிருந்தபோது, தண்ணீர் ஊற்றிய பிறகு குருவானவர் அவள் உச்சந்தலையில் கிறிஸ்மா எண்ணெய் பூசினார். புனித வாரத்தில் ஆயர் தம் குருக்களோடு கூடி அர்ச்சிக்கிற, நறுமணத் தைலம் சேர்த்த எண்ணெய் அது. கிறிஸ்து, கிறிஸ்மா, கிறிஸ்தவர் மூன்றும் ஒரே கிரேக்க வேரில் கிளைத்த சொற்கள். ஆசாரியராகவும் இறைவாக்கினராகவும் அரசராகவும் பூசப்பட்ட கிறிஸ்துவோடு இந்தக் குழந்தையும் ஓர் உறுப்பு என்று சொல்லித்தான் பூசுகிறார்கள். ஆறு மாதக் குழந்தை, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. மேசியா என்ற பட்டம் ஒருவரிடமே முடிந்துவிடாமல், அவரை நம்புகிறவர்கள் தலையிலும் ஒரு துளி வழிந்து, அவர்களையும் வேலைக்கு இழுக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் கண்ணால் காணக் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, ஒவ்வொரு சனிக்கிழமையும் பேரப்பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்க்கிறவள், அன்று மட்டும் குழந்தையின் தலையைக் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரவு தொட்டிலருகே குனிந்தால் அந்த மணம் இருந்தது.

இவ்வளவு எழுதியதால், அந்தச் சொல்லைத் தாங்கள் இனிப் பயன்படுத்தவே கூடாது என்று நான் கேட்பதாக எண்ண வேண்டாம். அப்படித் தடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. தங்கள் துணையாசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தலைவரை ‘மேசியா’ என்று வருணிக்கும் கட்டுரை மேசைக்கு வரும்போது, இவருக்கு எண்ணெய் வார்த்தது யார், இவர் பக்கத்தில் நிற்கும் நாத்தான் யார் என்ற இரண்டு கேள்விகளைக் கட்டுரையாளரிடம் கேட்டுவிட்டு, பிறகு பக்கத்தை அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.